கண்ணுக்குள் ஒரு மதகு

கண்ணில் நீர் என்றால் நம் இலக்கியத்துக்குக் கண்ணீர் ஒன்றுதான். தலைவியின் கண் கலுழ்வதில் தொடங்கி நேற்றைய திரைப்பாடல் வரை அந்த ஒரு நீரையே பாடி வந்திருக்கிறோம். கண்ணுக்கு உள்ளே வேறொரு நீரும் ஓடுகிறது. உவகையிலும் துயரிலும் அதற்குப் பங்கில்லை. கருவிழிக்குப் பின்னால், ஐரிஸ் எனப்படும் வண்ணத்திரைக்கு முன்னும் பின்னுமாக உள்ள சிற்றறைகளை நிரப்பி, அங்குள்ள திசுக்களுக்கு உணவூட்டி, கண்ணின் உருண்டை வடிவம் குலையாமல் தாங்கி நிற்பது அது. நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டரைச் சற்றே தாண்டும் அளவில் ஊறுகிறது. ஒரு நாள் முழுவதும் ஊறியதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. ஊறிய அளவு வடிந்தும் போக வேண்டும். கருவிழியும் வண்ணத்திரையும் சந்திக்கும் கோணத்தில், வட்டமாகச் சுற்றி, ஒரு சல்லடைத் திசு அமைந்திருக்கிறது. அதன் வழியே நீர் கசிந்து இரத்த நாளங்களைச் சேர்கிறது.

ஏரியும் மதகும் அறிந்த சேலத்துச் சமவெளிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வரத்து நிற்காமல் மதகு மட்டும் அடைபட்டால் என்ன ஆகும்? ஏரியில் கரை உடையும். கண்ணின் கரையாகிய வெண்விழி வலிமையானது, உடையாது. அதற்குப் பதிலாக, உள்ளே ஏறும் அழுத்தம் பின்புறமுள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. இயல்பான கண்ணில் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும் அழுத்தம் இதில் மெல்ல ஏறுவதும் உண்டு. ஒரே பாய்ச்சலில் 50, 60 எனத் தாண்டுவதும் உண்டு. செத்த நரம்பு திரும்பி வராது. இதுவே கிளாக்கோமா. கண் அழுத்த நோய் என்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதி வைத்திருப்பார்கள்.

மதகு அடைபடுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகக் கொடியது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒரு வகையைப் பற்றியே இக்கட்டுரை. அதில் மதகை மூடுவது கண்ணே வளர்த்துக்கொள்ளும் புதிய இரத்த நாளங்கள். அந்தக் கண்ணுக்கு அறுவை செய்யும் முயற்சியின் வரலாற்றில் இரண்டு முக்கியமான அத்தியாயங்கள் நம் மண்ணில் எழுதப்பட்டன. ஒன்று 1909இல் சென்னையில், மற்றொன்று 2013இல் மதுரையில். தமிழில் இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்ன பதிவு எதையும் நான் கண்டதில்லை; ஆகவே எழுதலாமென்று துணிந்தேன். நான் தமிழ் படித்தவன், மருத்துவம் படித்தவன் அல்லன். பட்டுத் தறி ஓசை கேட்கும் ஊரில் வாழ்கிற ஒருவனுக்கு, கண் போன நெசவாளரைப் பார்த்தபின் இந்த வரலாற்றைத் தேடாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவே.

நோயின் பெயரிலிருந்து தொடங்குவது என் தொழிலுக்கு உகந்தது. சித்த மருத்துவ மரபு கண் நோய்கள் 96 என்று எண்ணும்; நயனவிதி என்ற பெயரிலேயே சுவடிகள் உண்டு. நம் பேச்சு வழக்கிலும் மாலைக்கண், கண்ணில் பூ விழுதல், படலம், புரை என்று சொல்வளம் இருக்கிறது. இந்த நோய்க்கு மட்டும் ஊரறிந்த பெயர் ஒன்றும் இல்லை. மேலை நாட்டாரும் தொடக்கத்தில் தடுமாறினார்கள். இரத்தம் கசியும் கிளாக்கோமா என்றார்கள். நூறு நாள் கிளாக்கோமா என்றும் ஒரு பெயர் வழங்கியது. விழித்திரையின் மைய இரத்தநாளம் அடைத்துப் பார்வை திடீரென்று மங்கியவர்களுக்கு, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து இந்நோய் வந்து நிற்கும் என்பதைக் கண்ட மருத்துவர்கள் வைத்த பெயர் அது. எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. நோயின் காரணத்தைச் சொல்லாவிட்டாலும், நம் கையில் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

1906இல் ஜார்ஜ் கோட்ஸ் என்ற மருத்துவர், அவ்வாறு நாளம் அடைபட்ட கண்களின் வண்ணத்திரையில் புதிய நாளங்கள் படர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். 1928இல் சாலுஸ் என்பவர் நீரிழிவு நோயாளிகளின் கண்களிலும் அதே செம்படர்வு இருப்பதை விவரித்தார். ‘புதுநாளக் கிளாக்கோமா’ என்று பொருள்படும் இன்றைய ஆங்கிலப் பெயரை வெய்ஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் முன்மொழிந்தது 1963இல்தான். அந்தப் பெயர்தான், குற்றவாளி கசியும் இரத்தமன்று, புதிதாய் முளைக்கும் நாளம் என்று சுட்டிக்காட்டியது. பெயர் சரியாக அமையவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அறுவையின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1857இல் பெர்லினைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, திடீரென்று வரும் ஒருவகைக் கிளாக்கோமாவுக்கு வண்ணத்திரையில் ஒரு துண்டை வெட்டி நீக்கினால் அழுத்தம் இறங்குவதைக் காட்டினார். அதுவரை கிளாக்கோமா என்றால் குருடு என்று கைகழுவி வந்த உலகுக்கு அது பெரிய செய்தி. ஆனால் எல்லா வகைக்கும் அது பயன்படவில்லை. மெல்ல மெல்ல ஏறும் வகைக்கு வேறு வழி வேண்டியிருந்தது: கண்ணின் சுவரிலேயே துளையிட்டு, நீரை வெளித்தோலின் அடியில் வடியவிடுவது. சொல்ல எளிது. போட்ட துளை ஆறி மூடிக்கொள்வதுதான் தொல்லை. உடம்பில் வேறெங்கும் புண் ஆற வேண்டுமென்று ஏங்குகிறோம். இந்த ஓர் அறுவையில் மட்டும் புண் ஆறிவிடக் கூடாதென்று மருத்துவர் வேண்டிக்கொள்கிறார்.

இங்கேதான் சென்னை வருகிறது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தொடங்கிய கண் மருத்துவமனை, பின்னர் எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாக நிலைபெற்றது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. (அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து, ஒவ்வொருவரின் கண்ணையும் வண்ணத்தில் வரைந்து குறிப்பெழுத வைத்தார் என்பதைச் சரசுவதி மகாலில் உள்ள ஏடுகள் காட்டுகின்றன. அது தனிக் கட்டுரைக்குரியது.) எழும்பூர் மருத்துவமனைக்கு 1904 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தலைவராக இருந்தவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் ஹென்றி எலியட். 1864இல் பிறந்தவர். அவருடைய வாசலில் நாள்தோறும் மாகாணம் முழுவதிலிருந்தும் வந்த கூட்டம் நின்றது. ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் வாழ்நாளில் காணும் கிளாக்கோமா நோயாளிகளைவிட அதிகம் பேரை எலியட் சில ஆண்டுகளிலேயே பார்த்திருப்பார். அவர்களில் பலர் திரும்ப வர வாய்ப்பில்லாதவர்கள். கட்டை வண்டியிலும் நடந்தும் வந்தவர்களுக்கு, நாள்தோறும் சொட்டு மருந்து விடு, மாதம் ஒருமுறை வா என்று சொல்வதில் பயனில்லை. ஒரே முறையில் முடிகிற அறுவை வேண்டும்.

1909இல் எலியட் அதைச் செய்தார். டிரெபைன் என்பது நுனியில் வட்டப் பல் கொண்ட சிறு உருளைக் கருவி. விரல்களால் உருட்டினால் திசுவில் வட்டமாகத் துளை விழும். கண்ணின் வெளித்தோலைச் சற்றே உரித்து மடித்து, வெண்விழியும் கருவிழியும் சேரும் எல்லையில், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத்தை அறுத்தெடுத்து, மீண்டும் தோலை மூடிவிடுவது அவர் முறை. ஸ்காட்லாந்தில் ஆர்கைல் இராபர்ட்சன் 1876இலேயே வெண்விழியில் டிரெபைன் கொண்டு துளையிட்டுப் பார்த்திருக்கிறார். கிளாஸ்கோவில் ஃப்ரீலண்ட் ஃபெர்கஸ் 1909இல் தம் முறையை வெளியிட்டார். ஆகவே துளை எலியட்டின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. துளையை எந்த இடத்தில் போட வேண்டும் என்பதே அவர் கண்டது. கருவிழியின் ஓரத்தைச் சற்றே பிளந்து முன்னே நகர்ந்து போட்டதால், உள்ளிருக்கும் திசுக்கள் வந்து துளையை அடைப்பது குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கண்களில் இதைச் செய்து, 1913இல் தனி நூலாகவே எழுதினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ‘எலியட் அறுவை’ என்று அதைக் கற்றுக்கொண்டன. கண் மருத்துவத்தில் சென்னையிலிருந்து மேற்கே போன பாடம் அது.

எலியட் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எனக்கு இரண்டு மனம் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஊசியால் கண்புரையைத் தள்ளிவிடும் நாட்டு வைத்தியர்களை அவர் கடுமையாக வெறுத்தார். அந்த முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் வெறுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தள்ளிவிடப்பட்ட புரை கண்ணுக்குள் கிடந்து வீக்கமும் அழுத்தமும் உண்டாக்கிக் குருடாக்கிய கண்களை அவர் ஏராளமாகப் பார்த்தார். ஆனால் அந்த நூலில் வைத்தியர்களின் பக்கத்து நியாயம் ஏதும் கேட்கப்படவில்லை. ஓய்வுபெற்று இலண்டன் சென்றபின், மந்திரவாதிகள் சங்கமொன்றில் சேர்ந்து இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவுவதில் முனைந்தார். 1934இல் கீழை நாட்டு மாயங்களைப் பொய்யென்று சொல்லும் நூலொன்றும் எழுதினார். 1936இல் இறந்தார். கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய மனிதர், கண்ணையே தொழிலாகக் கொண்டிருந்தார். நம் நோயாளிகள் தம் கண்களைக் கொடுத்து அவருக்குக் கற்பித்தார்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

எலியட்டின் துளை பல கண்களைக் காத்தது. ஆனால் புதுநாளக் கிளாக்கோமாவின் முன் அது தோற்றது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். நீரிழிவினாலோ நாள அடைப்பினாலோ விழித்திரையில் பெரும் பகுதிக்கு உயிர்க்காற்று போதாமல் போகிறது. பசித்த விழித்திரை, நாளங்களை வளரச் சொல்லி ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி பின்னிருந்து முன்னே பரவுகிறது. கண்ணின் பாவையைச் சுற்றி முதலில் மயிரிழை போன்ற செந்நாளங்கள் அரும்புகின்றன. பிறகு அவை வடிகால் கோணத்துக்குள் ஊர்ந்து செல்கின்றன. நாளங்களுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு சவ்வும் படர்ந்து சல்லடையை மூடுகிறது. அடுத்த கட்டத்தில் அந்தச் சவ்வு சுருங்கி வண்ணத்திரையைக் கருவிழியோடு இழுத்து ஒட்டிவிடுகிறது. அதன்பின் மதகு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கண் சிவந்து, கருவிழி மங்கி, தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வரும்.

இத்தகைய கண்ணில் கத்தி பட்டால் புது நாளங்கள் கொட்டென்று இரத்தம் கொட்டும். அவற்றின் சுவர் அவ்வளவு மெல்லியது. இரத்தம் உறைந்து துளையை அடைக்கும். அதையும் தாண்டினால், நாளங்களை வளர்த்த அதே வேதிச் செய்தி தழும்புத் திசுவையும் வேகமாக வளர்த்துத் துளையை மூடிவிடும். ஆகவே இந்தக் கண்களைத் தொடாதே என்றே மருத்துவர்கள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தார்கள். 1930களில் நீர் ஊறும் திசுவை மின்சாரத்தால் சுடும் முறை வந்தது. 1950 அளவில் குளிரால் உறையவைக்கும் முறை வந்தது. மதகைத் திறக்க முடியாவிட்டால் ஊற்றையே அழிப்பது என்ற கணக்கு. அளவு மிஞ்சினால் கண் வற்றிச் சுருங்கிப்போகும். வலியைப் போக்கக் கண்ணுக்குப் பின்னால் சாராய ஊசி போடுவதும், கடைசியாகக் கண்ணையே எடுத்துவிடுவதும் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தன. கண்ணப்பர் ஆண்டவனுக்காகத் தோண்டிய கண்ணைப் போற்றிப் படித்த நமக்கு, வலி தாளாமல் கண்ணைக் கேட்டுக் கொடுத்த மனிதர்களைப் பற்றிப் படிக்க நேரவில்லை.

மூடாத துளைக்கு என்ன செய்வது? துளைக்குள் எதையாவது வைத்துவிடுவது. 1907இல் பிரான்சில் ரொலே என்பவர் குதிரை மயிரை வைத்துப் பார்த்தார். 1912இல் இங்கிலாந்தில் ஆர்தர் சோராப் பட்டு நூலைக் கண்ணுக்குள் செலுத்தி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் கசியுமென்று எதிர்பார்த்தார். பட்டு வேட்டிக்குப் பேர்போன சேலத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. பிறகு பொன், கண்ணாடி என்று வைத்துப் பார்க்காத பொருளில்லை. எல்லாவற்றிலும் நூலின் அல்லது குழாயின் வெளிமுனையைத் தழும்பு மூடிக்கொண்டது.

1968இல் கேம்பிரிட்ஜில் ஜான் கேர்ன்ஸ், எலியட்டின் முழுத் துளைக்குப் பதிலாகப் பாதித் தடிமனில் மூடிபோட்ட துளையை அறிமுகம் செய்தார். கட்டுப்பாடின்றி நீர் வடிந்து கண் குழைந்துபோகும் ஆபத்து அதில் குறைவு. சாதாரணக் கிளாக்கோமாவுக்கு இன்றும் அதுவே முதன்மையான அறுவை. எலியட்டின் முறை அத்துடன் மெல்ல மறைந்தது. ஆனால் நம் நோய்க்கு விடை அடுத்த ஆண்டு வேறொரு மூலையிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் மோல்டெனோ 1969இல், குழாயின் முனையில் ஒரு தட்டைப் பொருத்தினார். தழும்பு வருவதைத் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட முதல் மனிதர் அவர் என்று தோன்றுகிறது. வரட்டும், தட்டைச் சுற்றி ஒரு பை போல வரட்டும், தட்டின் பரப்பளவுக்குக் குறையாமல் அந்தப் பை விரிந்தே இருக்கும், நீர் அதில் சேர்ந்து மெல்லக் கசியும். சில ஆண்டுகளில் அந்தத் தட்டைக் கண்ணின் முன்புறத்திலிருந்து நகர்த்தி, வெகு பின்னால், இமைக்கடியில் மறையும் இடத்துக்குக் கொண்டுபோனார். மதகை அடைக்கும் மண்ணை அள்ளிக்கொண்டே இருப்பதை விட்டு, நீரைத் தொலைவில் உள்ள குட்டைக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோகிற யோசனை அது. நம் ஊர்க் குடிமராமத்துக்காரர் ஒருவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும்.

1976இல் அமெரிக்காவின் குரூப்பின், ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் வால்வு கொண்ட குழாயைப் புதுநாளக் கிளாக்கோமா நோயாளிகளிடமே பயன்படுத்திக் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் இரண்டு கருவிகள் வந்து நிலைத்தன. ஒன்று வால்வு உள்ள அகமது கருவி. மற்றொன்று வால்வு இல்லாத, ஆனால் அகன்ற தட்டுடைய பேர்வெல்ட் கருவி. இரண்டும் வெளிநாட்டில் உருவானவை. இறக்குமதி விலையில் அவற்றை வாங்க நம் அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளியால் முடியாது. எலியட்டின் அறுவைக்கு ஒரு டிரெபைன் போதும். அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். குழாய்க் கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. எண்பது ஆண்டுகளில் அறுவை முன்னேறியது, ஏழையிடமிருந்து விலகியும் போனது. இந்த இடத்தில் வரலாறு எனக்குக் கசக்கிறது.

குழாய் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, நாளங்களை ஏன் கண் வளர்க்கிறது என்ற கேள்விக்கு வேறு சிலர் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். 1948இல் ஐசக் மைக்கேல்சன், விழித்திரையிலிருந்து கரைந்து பரவும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டுமென்று ஊகித்தார். ஜெர்மனியின் மேயர் ஷ்விக்கெராத், 1945ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை பொசுங்கியவரைக் கண்டு, ஒளியையே கத்தியாக்கலாம் என்று எண்ணினார். அவர் முதலில் பயன்படுத்தியது கூரை வழியே கொணர்ந்த வெயிலைத்தான். பின்னால் செனான் விளக்கும் லேசரும் வந்தன. பசித்த விழித்திரையின் ஓரப்பகுதிகளை லேசரால் சுட்டுவிட்டால் பசிக் குரல் அடங்கி, புது நாளங்கள் வாடுகின்றன என்று 1970களில் தெளிவானது. மைக்கேல்சன் ஊகித்த பொருள் 1989இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயர் வெஜ்எஃப். 1994இல் நீரிழிவு நோயாளிகளின் கண்ணீரறையில் அது மிகுந்திருப்பதை அளந்து காட்டினார்கள். அதைக் கட்டிப்போடும் மருந்தொன்று (அவாஸ்டின்) குடல் புற்றுநோய்க்காக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டே கண்ணுக்குள் அதைச் சிறு அளவில் செலுத்திப் பார்த்தார்கள். சில நாள்களில் வண்ணத்திரையின் செம்படர்வு மறைந்தது. மறைவது தற்காலிகம், சில வாரங்களில் திரும்பும். ஆனால் அந்தச் சில வாரங்கள் போதும், இரத்தம் கொட்டாமல் அறுவை செய்வதற்கும் லேசர் போடுவதற்கும்.

இனி மதுரை. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கடும் மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் கண் அறுவை செய்யக் கற்றவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறைந்தார். அதன் கிளை இன்று சேலத்திலும் இருக்கிறது. கண்புரை அறுவைக்கு வேண்டிய செயற்கை வில்லையின் இறக்குமதி விலை தாங்காமல், அதை இங்கேயே செய்ய 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை அவர்கள் மதுரையில் நிறுவினார்கள். அந்த வில்லையின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். 2013இல் அதே நிறுவனம் கிளாக்கோமா வடிகால் கருவியைச் செய்து வெளியிட்டதைப் பற்றி மருத்துவ இதழ்களுக்கு வெளியே பேச்சில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஆடி’ என்கிறார்கள். இது புதுக் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பேர்வெல்ட்டின் வடிவத்தைப் பின்பற்றியது. 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிலிக்கோன் தட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாய். வெளிநாட்டுக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

இக்கருவியை வைக்கும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. தட்டின் இரு சிறகுகளைக் கண்ணை அசைக்கும் தசைகளின் அடியில் செருகி, வெண்விழியோடு தைத்து, குழாயின் நுனியை முன்னறைக்குள் நுழைக்கிறார்கள். வால்வு இல்லாததால் உடனே திறந்துவிட்டால் நீர் முழுதும் ஓடிக் கண் குழைந்துபோகும். ஆகவே தானே கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் தட்டைச் சுற்றிப் பை உருவாகிறது. அதே வேளையில் நூல் கரைந்து மதகு தானே திறக்கிறது. அதுவரை மாத்திரையும் சொட்டு மருந்தும். காலத்தையே பூட்டாக வைத்த அறுவை இது. கிளாக்கோமாவின் பிற வகைகளோடு ஒப்பிட்டால், புதுநாள வகையில் குழாய் தோற்கும் வாய்ப்பு இன்றும் மிகுதி. நோய் விழித்திரையில் இருக்க, குழாய் முன்வாசலை மட்டுமே பார்க்கிறது. ஊசியும் லேசரும் குழாயும் சேர்ந்தால்தான் கண்ணுக்குச் சற்றேனும் நம்பிக்கை.

எங்கள் அயோத்தியாப்பட்டணத்தில், இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமன் தங்கிப் பட்டாபிடேகக் கோலம் காட்டியதாகக் கதை சொல்லும் கோதண்டராமர் கோயிலுக்கு அண்மையில், அறுபது கடந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை அவருக்கு இடக்கண் மங்கியது. வலி இல்லை. தறியில் வேலை இருந்தது, விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கண் சிவந்தது. “சூடுன்னு நெனச்சு வெளக்கெண்ண வெச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி” என்றார் என்னிடம். சர்க்கரை பத்தாண்டாக இருந்தது. விழித்திரையை ஒருமுறையும் காட்டியதில்லை. வாந்தியும் தலைவலியும் வந்தபின் வயிற்றுக்கோளாறு என்று இரண்டு நாள் போனது. பிறகுதான் கண் மருத்துவர். ஊசி, லேசர், அதன்பின் குழாய். வலி போயிற்று, கண் அவருடைய முகத்திலேயே தங்கியது. ஆனால் இழை எண்ணும் பார்வை அதற்குத் திரும்பவில்லை, வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. வலக்கண்ணில் புது நாளம் அரும்புமுன் லேசர் போட்டுவிட்டார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்றும் பாவு பார்க்கிறார். நூறு நாள் என்ற பழைய பெயரின் பொருள் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவர் ஒருவர் கதையன்று இது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அரவிந்த் மருத்துவமனையார் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது வயது கடந்தவர்களில் 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதையே அறியாதவர்கள். அவர்களில் மிகச் சிலருக்கே புதுநாள வகை. எண்ணிக்கையில் சிறிதானாலும், நீரிழிவு பெருகப் பெருக வளரும் வகை அது.

கண் மருத்துவ மாணவர்களுக்கு இந்நோய் குறித்துக் கற்பிக்கும் ஒரு விதி உண்டு. நோயாளியின் கண்ணில் பாவையை விரிக்கும் மருந்தை விடுவதற்கு முன், பாவையின் ஓரத்தை உருப்பெருக்கியில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். புது நாளங்கள் முதலில் அரும்புவது பெரும்பாலும் அங்கேதான். மருந்து விட்டுப் பாவை விரிந்துவிட்டால் வண்ணத்திரை மடிந்து சுருங்கும். அந்த மயிரிழைகள் மடிப்பில் மறைந்துவிடும். கூட்டம் மிகுந்த முகாம்களில் மருந்து விடுவதுதான் முதல் வேலையாக நடக்கிறது. மருத்துவர் பார்ப்பது அதற்குப் பிறகு. நீரிழிவு உள்ளவரோ, திடீரென்று ஒரு கண் மங்கியவரோ, சொட்டு மருந்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.